ஊர்கூடி இழுத்த அறிவுத்தேர்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், கவிஞர்கள் கூடும் மலரில் அறிவியல் நூல்களைப் பற்றிய வரலாறு எதற்கு என அன்பர்கள் கேட்கக்கூடும். விடை எளியது. தமிழில் அறிவியல் எழுதப்பட்ட காலங்களை நோக்கினால், அது பெரும்பாலும் தனியொருவர் செய்த பணியாக இருந்ததில்லை. பல கைகள் கூடிச் செய்த பணியாகவே இருந்திருக்கிறது. அக்கைகளுள் கவிஞனின் கையும் ஒன்று. அந்தக் கை இன்று மீண்டும் தேவைப்படுகிறது. அதுவும் நம் பூந்தமல்லியில் தேவைப்படுகிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மானிப்பாயில் ஒரு தொடக்கம்

சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய அவர், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். நூல் இல்லை, சொல்லும் இல்லை. தாமே தமிழ் கற்றார். தம் மாணவர்களையே மொழிபெயர்ப்பாளர்களாக்கினார். அவரும் அவர்களும் சேர்ந்து உருவாக்கிய மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. 1873இல் அவர் தாயகம் திரும்பியபோது, உடற்கூற்றையும் வேதியியலையும் தமிழில் சொல்ல முடியுமா என்ற வினாவுக்குச் செயலால் விடை கிடைத்திருந்தது.

இந்தப் பக்கம், 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கெனவே ஒரு சங்கம் அமைத்தனர். ஒரு சொல்லை ஒருவர் முன்மொழியப் பிறர் ஆராயும் முறை அவ்வாறு வேரூன்றத் தொடங்கியது.

கவிஞர் தொகுத்த களஞ்சியம்

நம் வட்டத்தினர் பெருமையோடு நினைக்க வேண்டிய பெயர் பெரியசாமித் தூரன். இசையுலகம் அவரைக் கீர்த்தனை ஆசிரியராக அறியும். இலக்கிய உலகம் கவிஞராகவும், பாரதியின் எழுத்துகளைத் தேடித் தொகுத்தவராகவும் அறியும். அவர் கணிதம் பயின்றவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். தி. சு. அவினாசிலிங்கம் 1946இல் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், தமிழின் முதற் பெருங்கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராகத் தேர்ந்தது இக்கவிஞரைத்தான். முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. ஒன்பது தொகுதிகள் முடிந்தபின், இணைப்பாகப் பத்தாவது தொகுதி 1968இல் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்கள் எழுதினர். அவர்களுள் நல்ல தமிழ்நடை கைவந்தவர் சிலரே. ஏனையோர் எழுத்தைப் படிக்கத்தக்க தமிழாக்கும் பொறுப்பைத் தூரனும் உடன் பணியாற்றிய பதிப்புக் குழுவினரும் ஏற்றனர். அறிவியல் அறிஞனுக்குப் பொருள் தெரியும். அப்பொருள் தமிழாக நடப்பதற்குக் கவிஞனின் செவி வேண்டும். அக்களஞ்சியம் நமக்குக் கற்பித்த பாடம் இதுவே.

ஆயினும் அச்சுக்கு ஓர் எல்லை உண்டு. பத்தாவது தொகுதி வெளிவந்த மறு ஆண்டே, 1969இல், மனிதன் நிலவில் கால் வைத்தான். அச்சேறிவிட்ட களஞ்சியம் அச்செய்தியைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. விலை கொடுத்து வாங்கவோ நூலகம் சென்று படிக்கவோ இயலாத மாணவனுக்கும் அது எட்டாமலே நின்றது.

இணையம் திறந்த கதவு

அந்த எல்லையைக் கணினி வந்து தகர்த்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகெங்கும் வாழும் தமிழர்கள் ஊதியமின்றி இலக்கிய நூல்களைத் தட்டச்சு செய்து, எவரும் பெற இலவசமாக வழங்கிய முயற்சி இது. இதை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். கவிஞர் ஒருவர் அறிவியலைத் தொகுத்தார். வேதியியலார் ஒருவர் இலக்கியத்தைத் தொகுத்தார். கைம்மாறு கருதாத இக்கொடுக்கல் வாங்கல் எண்ணி மகிழத்தக்கது.

2003இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. அதற்கு அடித்தளமிட்டவர் ஈழத்தில் பிறந்து அபுதாபியில் பணியாற்றிய கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம், எவரும் எடுத்தாளலாம் என்பது அதன் நெறி. எடுத்தாள்வோர் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். தாம் ஆக்கியதையும் அதே உரிமையோடு பிறர்க்கு அளிக்க வேண்டும். 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டிய அக்களஞ்சியம் இன்று ஒன்றரை இலட்சத்தைக் கடந்து நிற்கிறது. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் தன் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை மயூரநாதனுக்கு வழங்கியது. கலைக்களஞ்சியப் பணியும் இலக்கியப் பணியே என்பதற்கு அது சான்று.

பொதுவுடைமை என்னும் இந்நெறி நமக்குப் புதிதன்று. பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை 1949இல் அரசு வாங்கி, பின்னர் மக்களுக்கே உரியதாக்கியது. அதன் வழியே நாட்டுடைமை நூல்கள் பெருகின.

பல நாட்டார் ஒரே கட்டுரையை எழுதும்போது சொற்களும் சந்திக்கின்றன. தமிழகத்தார் ‘ஆக்சிசன்’ என்பதை ஈழத்தார் ‘ஒட்சிசன்’ என்பர். நாம் ‘முடுக்கம்’ என்பதை அவர்கள் ‘ஆர்முடுகல்’ என்பர். யாப்பறிந்த அன்பர்களுக்கு ‘முடுகு வண்ணம்’ நினைவுக்கு வரும். விரைந்து செல்லும் ஓசைக்குத் தொல்காப்பியர் காலத்திலேயே வழங்கிய சொல்லின் வேரே, விரைவு மிகும் இயக்கத்துக்கும் பயன்பட்டிருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் கடைசல், வார்ப்பு, பிசிறு என்று உழைப்போர் நாவில் சொற்கள் வாழ்கின்றன. அவற்றைக் கேட்டுக் குறித்து வைப்பதும் அறிவியல் தமிழுக்குச் செய்யும் தொண்டே.

பூந்தமல்லியின் அழைப்பு

இனி நம் ஊர்ப் பொறுப்புக்கு வருவோம். பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. பிரெயில் அச்சகமும் இருக்கிறது. அங்குப் பயிலும் பிள்ளைக்கு ஒரு நூலின் பக்கத்தைப் படமாகத் தந்தால் அது ஊமைப் படமே. அதையே எழுத்தாகத் தந்தால் கணினி உரக்கப் படிக்கும். பிரெயில் புள்ளிகளாகவும் மாற்றும்.

நாட்டுடைமையான நூல்களுள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் பக்கப் படங்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்போடு, விக்கிமூலம் என்னும் பொது நூலகத்தில் ஏற்றப்பட்டுள்ளன. அவற்றை எழுத்தாக்கக் கணினி முயல்கிறது, ஆனால் தடுமாறுகிறது. துணைக்காலை ‘ர’ எனக் கொண்டு ‘பாடம்’ என்பதைப் ‘பரடம்’ ஆக்கிவிடும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பழைய வடிவங்களில் தடுமாற்றம் இன்னும் மிகுதி. கண்ணுடையார் ‘பரடம்’ என்பதை ஊகித்துத் திருத்திக்கொள்வர். செவியால் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு அது பொருளற்ற ஒலி. ஆகவேதான் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் மெய்ப்புப் பார்க்கிறார். பின்னர் மற்றொருவர் சரிபார்க்கிறார்.

ஒற்றுப் பிழையைக்கூடப் பொறுக்காத கண்கள் நம் வட்டத்தில் பல உள்ளன. நம் கவியரங்குகளில் ஓர் அசை பிசகினாலும் புருவம் உயர்த்தும் அன்பர்கள், நாளொன்றுக்கு ஒரு பக்கம் மெய்ப்புப் பார்த்தால் போதும். ஓராண்டில் ஒவ்வொருவரும் ஒரு முழு நூலையேனும் பேச வைத்துவிடலாம். அதற்குப் பாராட்டு விழா இராது. அட்டையில் நம் பெயரும் வாராது. செம்புலப் பெயனீராரின் இயற்பெயரை நாம் அறியோம். பாட்டின் தொடரே அவருக்குப் பெயராயிற்று. அவர் வழிவந்த நமக்குப் பெயரின்மை ஒரு குறையாகுமா?

கிறீனின் மாணவர்களும், தூரனின் கட்டுரையாளர்களும், இன்றைய தன்னார்வலர்களும் பிடித்த வடம் நம் தெருமுனை வரை வந்திருக்கிறது. அடுத்த பத்தாண்டு மலர் வெளிவரும் நாளில், அம்மலரைப் பூந்தமல்லிப் பிள்ளை ஒருவர் பிறர் உதவியின்றித் தாமே படிக்க வேண்டும். அதற்கான முதற் பக்கத்தை இன்றே திருத்தத் தொடங்குவோம்.