போர்க்களச் சிற்றுருக்கள்
வீரர்களையும் டாங்கிகளையும் விகித அளவில் சிறிதாக்கி, வண்ணம் தீட்டி, போர்க்காட்சியாக அமைக்கும் கலை. இக்காட்சியமைப்பு டயோராமா எனப்படும். தரைப்படை மாதிரிகளுக்குப் பரவலான அளவு 1:35; இதில் 175 செ.மீ. உயர வீரர் 5 செ.மீ. ஆவார்.

செய்முறை: பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, இணைப்புத் தடங்களைத் தேய்த்து, அடிப்பூச்சின் மேல் வண்ணம் பூசுவர். நீர்த்த கருவண்ணம் பள்ளங்களில் தேங்கி நிழல் தரும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தேய்த்த வெளிர்நிறம் மேடுகளை எடுத்துக்காட்டும். வடகவுஞ்சி போன்ற ஈரமான மலையூர்களில் பூச்சு உலரக் கூடுதல் நேரம் விட வேண்டும்.

வரலாறு: வில்லியம் சைபோர்ன் உருவாக்கிய வாட்டர்லூ போர்க்கள மாதிரி 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. இன்று அது அந்நகரின் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது.

தமிழகத் தொடர்பு: ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கி, மாதிரி செய்வோருக்கு உகந்த பொருள். அசல் டாங்கிகள் நாட்டின் பல ஊர்களில் நினைவுச்சின்னங்களாக நிற்பதால், அமைப்பையும் விவரங்களையும் நேரில் சரிபார்க்கலாம்.