திறந்த கதவும் கறுப்புப் பட்டியலும்

சொந்தமாக ஒரு மின்னஞ்சல் வழங்கியை நிறுவி நண்பருக்கு முதல் மடலை அனுப்பிப் பார்ப்பவர் பலருக்கும் கிட்டுவது பதில் மடலன்று. 550 என்னும் எண்ணைத் தாங்கித் திரும்பிவரும் மறுப்பு. முகவரியில் பிழையில்லை, மடலிலும் குற்றமில்லை. பின் ஏன் இந்த மறுப்பு? விடை தேடப் புகுந்தால், கால் நூற்றாண்டுக்கும் மேலான ஒரு வழக்கினுள் நாம் நுழைய நேர்கிறது.

1982இல் ஜான் போஸ்டல் எஸ்எம்டிபி என்னும் மடல் நெறிமுறையை வகுத்தபோது, அனுப்புநர் தம் பெயரை மெய்யாகத்தான் சொல்கிறாரா எனச் சோதிக்கும் வழி எதுவும் அதில் இல்லை. வேண்டாத மடலை மறுக்கும் வசதி கணினிகளுக்கு இல்லையென்று 1975லேயே குறிப்பு எழுதியவரும் அவரே என்பது வியப்புக்குரியது. அக்காலத்தில் எந்த வழங்கியும் எவர் மடலையும் வாங்கி அடுத்த இடத்துக்குச் சேர்த்தது. வழிப்போக்கர்க்குத் திண்ணை விட்டதைப் போன்ற மரியாதை அது. 1990களில் அத்திண்ணையில் வணிகர்கள் கடை விரித்தனர், எரிதம் பெருகிற்று.

1997இல் பால் விக்ஸியும் டேவ் ராண்டும் கலிபோர்னியாவில் ‘மேப்ஸ்’ அமைப்பின் கறுப்புப் பட்டியலைத் தொடங்கினர். ‘ஸ்பேம்’ என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து எழுதினால் ‘மேப்ஸ்’. மாலைமாற்று அன்று, எனினும் தமிழ் படித்தவர்க்கு இவ்விளையாட்டு உவப்பானதே. பட்டியலைக் கேட்கும் முறையிலும் ஒரு திருப்பம் உண்டு. 192.0.2.5 என்னும் முகவரி குற்றப்பட்டியலில் உள்ளதா என அறிய, 5.2.0.192 எனத் தலைகீழாக்கிப் பட்டியலின் பெயரை ஒட்டி டிஎன்எஸ்ஸிடம் வினவ வேண்டும். 127.0.0.2 போன்ற விடை வந்தால் பட்டியலில் உள்ளது. விடையே இல்லையெனில் இல்லை.

இதற்கு எதிர்க்குரல் எழாமலில்லை. மின்னணு எல்லை அறக்கட்டளையை நிறுவியவருள் ஒருவரான ஜான் கில்மோர் தம் வழங்கியின் கதவை மூட மறுத்தார். வெளியூர் செல்லும் நண்பர்கள் எங்கிருந்தும் மடல் அனுப்ப அது வேண்டும் என்பது அவர் வாதம். 2001இல் அவருக்கு இணைப்பு வழங்கிய வெரியோ நிறுவனம் அவர் மடல்கள் வெளியேறும் வழியை அடைத்தது. கில்மோரின் பிடிவாதம் எரிதக்காரர்க்கும் உதவியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், மறுக்கும் உரிமை பட்டியல் வைத்திருப்பவர் கைக்கு மொத்தமாகப் போனால் என்னாகும் என்ற அவரது அச்சம் வெற்றச்சம் அன்று.

2003 ஆகஸ்டில் அது மெய்யானது. ஒசிருசாஃப்ட் என்னும் பட்டியல் தொடர் தாக்குதலால் நிலைகுலைந்து இழுத்து மூடப்பட்டபோது, எந்த முகவரியைக் கேட்டாலும் ‘குற்றவாளி’ என்றே விடையளித்தது. அதை நம்பியிருந்த வழங்கிகள் உலகின் மடல்கள் அனைத்தையும் திருப்பி அனுப்பின!

பின்னர்ப் பட்டியலோடு அடையாளச் சான்றும் சேர்ந்தது. எஸ்பிஎஃப் 2006லும், டிகேஐஎம் 2007லும், டிமார்க் 2015லும் ஆவணமாயின. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், மொத்தமாக மடல் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டுமென்றன. சிறியவர்க்கும் முதலிரண்டில் ஒன்று வேண்டும்; எண்முகவரியிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவும் வேண்டும்.

ஆகவே மடல் திரும்பினால், முதலில் மறுப்பின் முழு வாசகத்தையும் படிக்க வேண்டும். எப்பட்டியல் தடுத்தது என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அடுத்து பிடிஆர் பதிவு. அதை இடுவது எண்முகவரியை வாடகைக்குத் தந்தவரின் கையில் உள்ளது. நாமே இட முயன்று காலம் கழிப்பதில் பயனில்லை. முன்பு அம்முகவரியில் குடியிருந்தவர் எரிதம் பரப்பியிருந்தால், அவர் பட்ட கடனுக்கு நாம்தான் பட்டியல்காரரிடம் விண்ணப்பம் எழுத வேண்டும். வீட்டு இணைப்பாயின், எக்குற்றமும் செய்யாமலே முகவரி பட்டியலில் இருக்கலாம்.

இத்தனையும் சரிசெய்த பின்னும், புதிய முகவரியிலிருந்து செல்லும் மடல் எரிதப் பெட்டியில் கிடக்கக்கூடும். அப்போது நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, அப்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்வதைவிட வேறு வழியில்லை.