உப்பும் நாற்றும்

கல்லாதவர்களைக் கடிந்துகொள்ள வள்ளுவர் தேடிப் பிடித்த உவமை களர் நிலம். ஆள் இருக்கிறான் என்று பேர், அவ்வளவுதான். பயன் ஒன்றும் கிடையாது. உரைகளில் களர் என்றால் பாழ் நிலம். ஆனால் உழவர்களின் பேச்சில் பாழுக்கே தினுசு உண்டு. மேலே வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தால் அது உவர். மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு, காய்ந்தால் கல்லாக இறுகி, மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்றால் அது களர். வைத்தியமும் வேறுவேறு. உவர் நிலத்தில் நல்ல தண்ணீரைக் கட்டி, உப்பைக் கரைத்து வடித்துவிடலாம். களருக்கு அது மட்டும் போதாது. ஜிப்சம் போட்டு, அதிலுள்ள கால்சியத்தால் சோடியத்தை இடத்தைவிட்டுக் கிளப்பிய பிறகுதான் தண்ணீர் வேலை செய்யும்.

சங்கப் பாடல்களில் உமணர்கள் நெல்லுக்குச் சமமாக உப்பை அளந்து விற்றுக்கொண்டு போகிறார்கள். சந்தையில் சரிசமமாக உட்கார்ந்த இரண்டும் வயலில் மட்டும் ஒத்துப்போனதில்லை. தானியப் பயிர்களில் நெல் உப்புக்கு ரொம்பவே பயப்படுகிற பயிர். அதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. விதை முளைக்கும்போது ஓரளவு உப்பைத் தாங்கிவிடும். தூர் கட்டிய பிறகும் தாங்கும். இரண்டு மூன்று இலை விட்ட நாற்றாக நிற்கும்போதும், பிறகு பூக்கும்போதும்தான் சட்டென்று விழுந்துவிடும். உப்புத் தண்ணீரிலிருந்து நீரை உறிஞ்ச வேருக்குத் தெம்பு போதாது. போதாக்குறைக்கு, பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தில் சோடியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இலை நுனியில் ஆரம்பித்துக் கருகும். "நாத்து பச்சை பிடிக்கவே இல்ல" என்பார்கள்.

ஆக, உப்பு நிலத்தில் நெல் பயிரிட்ட வரலாறு என்பது பெரும்பாலும் அந்தச் சில வாரங்களைக் கடக்க மனிதர்கள் செய்த தந்திரங்களின் வரலாறுதான்.

அவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது கேரளத்துப் பொக்காளி வயல். எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர்க் கரையோரங்களில் கடல் ஓதம் ஏறி இறங்கும் நிலம் அது. மழைக்கு முன்பே வயலில் சின்னச் சின்ன மண்மேடுகளைக் குவித்து வைப்பார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பெய்து மேட்டிலிருக்கும் உப்பைக் கழுவிவிடும். அதன் உச்சியில்தான் முளைகட்டிய விதையைத் தூவுவார்கள். மேடுதான் நாற்றங்கால். ஒரு மாதம் கழிந்து நாற்று திடமானதும், மேட்டை வெட்டி, மண்ணோடு நாற்றைச் சுற்றிலும் பரப்பிவிடுவார்கள். அறுவடையில் கதிரை மட்டும் கொய்துவிட்டு, தாளை விட்டுவிடுவார்கள். பிறகு உப்புநீர் உள்ளே வரும். அதே வயலில் இறால். உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. 2008இல் பொக்காளிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நம் பக்கத்தில் தந்திரம் நாற்றின் வயதில் இருந்தது. சிக்கலான மண்ணில் இளம் நாற்றை நடுவதில்லை. ஒரு மாதம் முற்றவிட்டு, குத்துக்கு இரண்டு மூன்று நாற்றுக் கூடுதலாக வைத்து நடுவார்கள்; சிலது போனாலும் சிலது நிற்கும். அதற்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவார்கள். களர்பாலை, குழியடிச்சான், சூரக்குறுவை என்று டெல்டாவின் கடலோரத்துக்கென்றே நெல் ரகங்கள் இருந்தன. களர்பாலையில் மண்ணின் பெயரே ரகத்தின் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2004 டிசம்பர் 26 இவற்றுக்கெல்லாம் பரீட்சை வைத்தது. ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல்மேல் கடலைக் கொண்டுவந்து கொட்டியது. இனி பல வருஷத்துக்கு ஒன்றும் விளையாது என்ற பயம் இருந்தது. நம்மாழ்வார் விவசாயிகளோடு இறங்கினார். கடல் வண்டலை அகற்றுவது, பசுந்தாள் விதைத்து மடக்குவது, மழைநீரை நிறுத்தி வடிப்பது என வேலை நடந்தது. 2005இன் வடகிழக்குப் பருவமழையும் வெளுத்து வாங்கி, உப்பைக் கழுவிக்கொண்டு போனது. அந்தப் பகுதிகளில் பழைய ரகங்களை மறுபடி தேடத் தொடங்கினார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் விதைத் திருவிழா நடத்தி, 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைக் கைமாற்றிவிட்டு, 2018இல் மறைந்தார்.

ஆய்வுக்கூடமும் அதே விதைகளிடம்தான் போனது. பொக்காளியின் முதலாம் குரோமோசோமில் 'சால்டால்' என்ற பகுதியை அடையாளம் கண்டார்கள். வங்காளத்து நோனா போக்ரா ரகத்தில் 2005இல் ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். 'நோனா' என்றால் வங்காளியில் உப்பு. வேரிலிருந்து இலைக்குப் போகும் சாற்றிலிருந்து சோடியத்தை இடைமறித்து இறக்கிவிடுவது அந்த மரபணுவின் வேலை. பெயர் தெரியாத உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கதிர் பார்த்துப் பொறுக்கிய விஷயம் அது.

இதுவரை சொன்னது கடலும் மண்ணும் கொடுத்த உப்பு. நான் இருக்கும் வடக்குப்பட்டு, ஒரகடம் தொழிற்சாலைகளின் பக்கத்தில், கடலிலிருந்து வெகுவாக உள்ளே இருக்கிற ஏரிப்பாசனப் பூமி. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது ரோமானிய ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. பழைய காலத்தில் கடல் இவ்வளவு தூரம் வந்தது வணிகமாக மட்டும்தான். ஆனால் இதே மாவட்டத்தின் வழியாக ஓடும் பாலாற்றில், மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில், கடலே இல்லாமல் உப்பு வந்தது. தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பும், பதனிடும் ரசாயனங்களும் கழிவுநீராக ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் பட்டறைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்று அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பில்தான். அதன் பிறகும் 2025 ஜனவரியில் இதே பாலாற்றுக்காக இழப்பீட்டைக் கொடுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

உப்பைத் தாங்கும் நெல் வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். கடல் ஏறிவரும் காலத்தில் அது வேண்டியதுதான். ஆனால் ஒரு கணக்கைப் பிரித்து வைத்துக்கொள்ள நினைக்கிறேன். ஓதம் கொண்டுவந்த உப்புக்கு நாற்றை முற்றவிடுவது உழவு. பட்டறை கொண்டுவந்த உப்புக்கும் நாற்றையே தாங்கச் சொன்னால், அது பில்லை விவசாயி பெயருக்கு மாற்றி எழுதுவது. குழியடிச்சான் கடலோடு பழகிய நெல். தோல் கழிவோடு பழகச் சொல்லி அதை யாரும் பொறுக்கி எடுக்கவில்லை.