மதுவமும் மூலங்களின் விகிதமும்: ஒரு வரலாற்று நோக்கு

பரம்பரையியலின் வரலாறு பெரும்பாலும் தனிமனித மேதைமையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனை அளவு, விகிதம் என்னும் கருத்துக்களின் வரலாறாக நோக்குமிடத்து வேறொரு தெளிவு பிறக்கின்றது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுவத்தின் நியூக்கிளிக்கமிலத்தை ஆராய்ந்த லெவீன், நான்கு மூலங்களும் அதிற் சம அளவில் உள்ளன எனக் கருதினார். ஒரே ஒழுங்கில் மீளமீள வரும் பொருள் பரம்பரைச் செய்தியைத் தாங்கவியலாது. எனவே புரதமே அதனைத் தாங்குவது என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. 1950இல் சார்காவ் இக்கருத்தைத் தகர்த்தார். அடெனின் தைமீனுக்கும் குவானின் சைற்றோசினுக்கும் ஈடாகும். ஆயின் இவ்விரு சோடிகளுக்கிடையிலான விகிதம் இனத்துக்கினம் வேறுபடும் என அவர் காட்டினார்.

இழைக்குள் அமைந்த விகிதம் இது. இழையை ஆக்குதற்குக் கலம் வைத்திருக்கும் கையிருப்பின் விகிதம் குலைந்தால் யாது நிகழும்? தைமீன் கிடைக்காத பற்றீரியங்கள், ஏனைய உணவு இருந்தும் மடிவதை 1954இற் கோகெனும் பானரும் காட்டினர். தைமீன் நியூக்கிளியோதைட்டுப் பஞ்சம் மதுவத்தில் நிறமூர்த்த மீள்சேர்க்கையைத் தூண்டுவதை 1980இல் ஹெயின்ஸ் குழுவினர் அறிவித்தனர். பின்னர், 2011இல், கையிருப்பை ஆக்கும் நொதியம் ஒன்றை மாற்றியமைத்த சாபெஸ் குழுவினர், மதுவத்தின் விகாரவீதம் உயர்வதைக் கண்டனர். மிகையாகவுள்ள மூலம் உரியதன் இடத்திற் புகுந்துவிடுகின்றது; அடுத்துச் சேரவேண்டியதும் மிகையாயின் இழை விரைந்து நீள, பிழை திருத்தும் அவகாசம் அருகுகின்றது.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாதலை ஈண்டு நாம் காண்கின்றோம். ஆயினும், 1948இற் சோவியத் ஒன்றியத்தில் லைசெங்கோ அதிகார பலத்துடன் நிலைநாட்டிய கோட்பாட்டுக்கு இதனைச் சான்றாக்க முனைவது பெருந்தவறாகும். புறச்சூழல் விகாரத்தை விளைவிக்கின்றது என்பது வேறு. உயிரியின் தேவைக்கேற்ற விகாரத்தையே அது விளைவிக்கும் என்பது வேறு. மதுவத்தில் எவ்வகைப் பிழை மிகும் என்பதைக் கையிருப்பின் நிலை பாதிக்கின்றது. அப்பிழையால் மதுவம் பயனடையுமா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

இவ்வேறுபாடு சொற்போர் மாத்திரமன்று. லைசெங்கோவை மறுத்த வவிலோவ் 1943இற் சிறையில் மாண்டார். பரம்பரையியலாளர் பலர் பதவியிழந்தனர். இயங்கியலின் பெயராலேயே இது நியாயப்படுத்தப்பட்டது. ஆய்வுகூடம் தரும் விடைக்கு முன்னரே தத்துவம் விடை எழுதிவைக்குமாயின் அது இயங்கியலாகாது. மார்க்சிய நோக்கில் விஞ்ஞான வரலாறு எழுதப் புகுவோர் யாவரும், நாம் உட்பட, இதனை மனங்கொள்ளல் வேண்டும்.