ஆடைக்கு உடலா, உடலுக்கு ஆடையா?

நமது கல்லூரியின் மனையியல் கூடத்தில் தைத்த முதற் சட்டையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். உடலை அளவு நாடாவால் அளந்து, கொப்பியில் குறித்த பின்னரே துணியில் கத்தரிக்கோல் வைக்க ஆசிரியை அனுமதிப்பார். உலகப் புகழ்பெற்ற பெஷன் வீக் காட்சிகளில் அந்தப் பாடம் தலைகீழாகிப்போன வரலாற்றை, ஒரு வைத்தியராக இம்மலரில் பகிர விரும்புகிறேன்.

1858 இல் பாரிஸில் ஆடையகம் திறந்த ஆங்கிலேயரான சார்ள்ஸ் பிரெடெரிக் வேர்த், பெண்களுக்குத் தமது ஆடைகளை அணிவித்து வாடிக்கையாளருக்குக் காட்டினார். சீமாட்டியொருவர் ஓர் ஆடையை விரும்பினால், அது அவருடைய அளவுக்குத் தைத்துக் கொடுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் ஜேர்மனியரிடம் வீழ்ந்ததால் அமெரிக்கப் பத்திரிகையாளர் அங்கு செல்ல முடியவில்லை. இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, எலினோர் லம்பேர்ட் என்ற பெண்மணி 1943 இல் நியூயோர்க்கில் அமெரிக்க வடிவமைப்பாளரின் படைப்புகளுக்காக ஒரு 'பத்திரிகை வாரத்தை' நடத்தினார். இன்றைய பெஷன் வீக்கின் முன்னோடி அதுவே.

ஆயத்த ஆடைகள் பெருகியபோது நிலைமை மாறியது. மேடைக்கான மாதிரி ஆடைகள், அணியப்போவது யாரென்று தீர்மானிக்கும் முன்பே ஒரே சிறிய அளவில் தைக்கப்பட்டன. அதற்குள் அடங்கும் உடலுக்கே வேலை கிடைத்தது. மொடல்கள் பட்டினி கிடந்தனர்.

2006 ஓகஸ்டில் உருகுவேயின் தலைநகரில் நடந்த காட்சியில், 22 வயதான லூயிசெல் ராமோஸ் மேடையை விட்டு இறங்கியதும் சரிந்து விழுந்து இறந்தார். இதயம் செயலிழந்ததே காரணம் எனப்பட்டது. நீடித்த பட்டினியில் இதயத் தசையும் மெலியும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பு திடீரெனத் தடுமாறும்.

அடுத்த மாதமே ஸ்பெயினின் மட்ரிட் காட்சியில், உடற்திணிவுச் சுட்டி 18 இற்குக் குறைந்தவர்களுக்கு மேடை மறுக்கப்பட்டது. 1.75 மீற்றர் உயரமான பெண்ணுக்கு இது ஏறத்தாழ 55 கிலோ. உலக சுகாதார நிறுவனம் 18.5 இற்குக் கீழேயே நிறைகுறைவு என்கிறது. மட்ரிட்டின் எல்லை அதனிலும் தாழ்ந்தது. அதுவே அன்று பெரும் சர்ச்சையாயிற்று! இஸ்ரேல் 2012 இல் சட்டமியற்றியது. பிரான்ஸில் 2017 முதல் மொடல்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயமானது.

ஓர் உயிர் போன பின்னரே வைத்தியரின் சொல் மேடைக்கு எட்டியது. ஆனால் மேடையின் அளவு அதற்கு முன்பே வீடுகளுக்குள் வந்துவிட்டது. காலை உணவைத் தவிர்த்து மயங்கும், மாதவிடாய் நின்றுபோன பதின்வயதுப் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். "சட்டை இறுக்கம்" என்று அழும் மகளிடம், சகோதரிகளே, நமது ஆசிரியை சொல்லியிருக்கக்கூடியதையே சொல்வோம்: பிழை உன் உடலில் இல்லை பிள்ளை, தையலைப் பிரித்துச் சட்டையைப் பெரிதாக்குவோம்.