கவிதைச் சீட்டிலிருந்து போர்ச்சீட்டு வரை

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்தம் போர்களைக் கொண்டும் ஆட்சி மாற்றங்களைக் கொண்டும் அறிவதே நம் வழக்கம். ஆயினும், அந்நாட்டு மக்கள் ஓய்ந்திருந்த வேளைகளில் எதனைக் கையிலெடுத்து விளையாடினர் என்பதும் வரலாறேயாகும். இன்று நம் மாணவர்கள் கைப்பேசித் திரையில் ஆடும் ‘யூ-கி-ஓ!’ எனும் போர்ச்சீட்டு விளையாட்டைக் கண்டு முகஞ்சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. அதனை நேற்று முளைத்த காளான் என்றே அவர்கள் கருதுகின்றனர். ஆனால், அதன் வேர் ஜப்பானிய மண்ணில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. அவ்வேரைக் கண்டால்தான் இவ்விளையாட்டில் நாம் போற்ற வேண்டியது யாது, அஞ்ச வேண்டியது யாது என்பது விளங்கும்.

கப்பலில் வந்த சீட்டு

1543ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் ஜப்பானின் தானெகாஷிமா தீவில் கரையேறினர். துப்பாக்கியை அந்நாட்டுக்கு அறிமுகம் செய்த அவர்களே சீட்டுக்கட்டையும் கொணர்ந்தனர். போர்த்துகீசிய மொழியின் ‘கார்ட்டா’ என்னும் சொல் ஜப்பானியர் நாவில் ‘கருத்தா’ ஆயிற்று. விரைவிலேயே கியூஷூ தீவின் மீகே என்னும் ஊரில் ஜப்பானியர் தாமே சீட்டுகளைச் செய்யத் தலைப்பட்டனர். வாள், தடி, கிண்ணம், நாணயம் என்னும் நான்கு இனங்களாக அமைந்த அக்கட்டில் 48 சீட்டுகள் இருந்தன.

சீட்டோடு சூதும் வளர்ந்தது. 1639இல் போர்த்துகீசியக் கப்பல்களுக்குத் துறைமுகம் அடைக்கப்பட்ட பின்னரும் அவர்கள் விட்டுச்சென்ற சீட்டு ஒழியவில்லை. தோக்குகாவா ஆட்சியினர் சூதாட்டத்தை மீண்டும் மீண்டும் தடை செய்தனர். ஒரு கட்டு தடைக்குள்ளானால் மக்கள் படத்தை மாற்றி வேறொரு கட்டைப் படைத்தனர். அவ்வழியில் செல்வாக்குப் பெற்றதே ‘ஹனாஃபுதா’ எனும் மலர்ச்சீட்டு. அதில் எண்களே இல்லை. தைக்குப் பைன், மாசிக்குப் பிளம் என்று நாம் சொல்லத்தக்க முறையில், ஆண்டின் 12 மாதங்களுக்கும் ஒவ்வொரு செடியோ மரமோ உரியதாக, மாதத்துக்கு நான்கு சீட்டுகள் வீதம் 48 சீட்டுகள் அமைந்தன. சூதின் கருவியாக வந்த பொருள் பருவங்களின் ஓவியமாக மாறிற்று.

கவிதை ஏறிய சீட்டு

இதற்கிணையாக மற்றொரு மரபும் வளர்ந்தது. சிப்பியின் இரு பாதிகள் தம்முள் மட்டுமே பொருந்தும். வேறெந்தச் சிப்பியோடும் பொருந்தா. இவ்வியல்பைக் கொண்டு இணை தேடும் விளையாட்டொன்றை ஹெயான் காலத்து அரண்மனை மகளிர் ஆடினர். இப்பழக்கமும் புதிதாய் வந்த சீட்டும் கலந்தபோது ‘உத்தா கருத்தா’ எனும் கவிதைச் சீட்டு பிறந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்க்கா என்னும் புலவர், நூறு கவிஞர்களிடமிருந்து ஆளுக்கொரு பாடலாகத் தொகுத்த ‘ஹியாக்குனின் இஷ்ஷு’ அதன் பாடநூலாயிற்று. அப்பாடல்கள் பொதுவாக 31 அசைகள் கொண்டவை. படிப்பவர் கையில் முழுப் பாடலும் எழுதிய 100 சீட்டுகள் இருக்கும். ஆடுவோர் முன் பாடலின் பிற்பகுதி மட்டும் எழுதிய 100 சீட்டுகள் பரப்பப்பட்டிருக்கும். முற்பகுதி காதில் விழுந்தவுடன் பிற்பகுதியை நினைவில் கொணர்ந்து அச்சீட்டைத் தட்டியெடுக்க வேண்டும். நூறு பாடல்களுள் ஏழனை முதல் அசையைக் கேட்டே இன்னதென அறிந்துவிடலாம். ஆதலின் தேர்ந்த ஆட்டக்காரர் படிப்பவரின் மூச்சையே உற்றுக் கேட்கின்றனர்.

1904இல் குரோய்வா ருய்க்கோ என்னும் இதழாளர் இதன் போட்டி விதிகளை ஒழுங்குபடுத்தினார். தலையாய போட்டிகள் ஆண்டுதோறும் சனவரியில் ஓட்சு நகரின் ஓமி ஆலயத்தில் நடைபெறுகின்றன. எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு தொகைநூல், பள்ளிச் சிறுவர்தம் நாவிலும் விரல்நுனியிலும் இன்றும் உயிரோடிருப்பதற்கு இவ்விளையாட்டும் ஒரு காரணம் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

சீட்டுக்கடை இயந்திரம் செய்தது

மெய்ஜி ஆட்சியில் தடை தளர்ந்தது. 1889இல் யாமாவுச்சி ஃபுசாஜிரோ என்பார் கியோத்தோ நகரில் மலர்ச்சீட்டு செய்யும் சிறு நிறுவனமொன்றைத் தொடங்கினார். அதுவே ‘நிண்டெண்டோ’. 1953இல் பிளாஸ்டிக் சீட்டுகளைச் செய்த அந்நிறுவனம், 1983இல் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ எனும் வீட்டு விளையாட்டு இயந்திரத்தையும், 1989இல் கையடக்கமான ‘கேம் பாய்’ கருவியையும் வெளியிட்டது. சீட்டுக்கடை விளையாட்டுக் கணினியின் தொட்டிலாயிற்று எனலாம்.

1993இல் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு ‘மேஜிக்: தி கேதரிங்’ எனும் சீட்டுப் போரைப் படைத்தார். எல்லார்க்கும் ஒரே கட்டு என்னும் பழைய நியதியை அது மாற்றியது. ஆடுவோர் தத்தம் கட்டைத் தாமே தெரிந்து அமைத்தனர். இக்கருத்து ஜப்பானைச் சென்றடைந்தது. தக்காஹாஷி கஸுக்கி என்னும் ஓவியர் 1996இல் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் ‘யூ-கி-ஓ!’ என்னும் சித்திரத் தொடரைத் தொடங்கினார். ‘விளையாட்டின் அரசன்’ என்பது அப்பெயரின் பொருள். பலவகை ஆட்டங்களைப் பற்றிய அக்கதையில் சீட்டுப் போர் ஒரு கிளையாகவே நுழைந்தது. வாசகர்களின் ஆர்வம் அதனையே அடிமரமாக்கிவிட்டது.

கதை 1998இல் தொலைக்காட்சியில் அனிமே வடிவம் பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் கோனாமி நிறுவனம் கேம் பாய் கருவிக்கான போர்ச்சீட்டு விளையாட்டை வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் அச்சுச் சீட்டுகள் கடைக்கு வந்தன. 2011ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் 2,500 கோடிக்கு மேற்பட்ட சீட்டுகள் விற்றுவிட்டன. 2016இல் கைப்பேசிக்கு ‘டூயல் லிங்க்ஸ்’, 2022இல் ‘மாஸ்டர் டூயல்’ ஆகியன தொடர்ந்தன. தக்காஹாஷி 2022 சூலையில் ஒக்கினாவா கடலில் உயிர்நீத்தார்.

பெற்றதும் இழந்ததும்

அச்சுச் சீட்டில் ஆடுபவர் 40 முதல் 60 வரையான சீட்டுகளால் தம் கட்டை அமைக்க வேண்டும். ஒரே சீட்டு மூன்றுக்கு மேல் கூடாது. இருவரும் 8,000 உயிர்ப்புள்ளிகளோடு களம் புகுவர். ஒவ்வொரு சீட்டிலும் அதன் ஆற்றல், அது செல்லுபடியாகும் நேரம், அதற்கான விலை ஆகியவை சிற்றெழுத்தில் நெருக்கமாக எழுதப்பட்டிருக்கும். ஆடுவோர் அதனைப் படித்து, பொருள் கொண்டு, எதிரிக்கு எடுத்துரைத்து, ஐயம் எழுந்தால் வாதிட்டுத் தெளிவுற வேண்டும். உரையாசிரியர் ஒரு நூற்பாவுக்குப் பொருள் காண்பது போன்ற பயிற்சி அது. அதனைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் விரும்பிச் செய்கிறான்!

திரையிலோ எந்தச் சீட்டை எப்பொழுது பயன்படுத்தலாம் என்பதை இயந்திரமே ஒளியிட்டுக் காட்டுகிறது. புள்ளிகளையும் அதுவே கழிக்கிறது. துணையின்றி இருக்கும் சிறுவனுக்கு நள்ளிரவிலும் எதிராளி கிடைப்பது பெரும் பேறுதான். திட்டமிடும் திறனும் அங்குத் தேவையே. எனினும், விதியைச் சுமக்கும் பொறுப்பு மாணவன் தோளிலிருந்து இயந்திரத்துக்கு மாறிவிட்டது. கவிதைச் சீட்டில் ஒலித்த மனிதக் குரலும், அச்சுச் சீட்டில் எழுந்த வாதக் குரலும் திரையில் அடங்கிவிட்டன.

உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் பொதியை வாங்கித் திறக்கும் வழக்கம் அச்சிலும் திரையிலும் உண்டு. தோக்குகாவா ஆட்சியினர் கண்டு அஞ்சிய சூதின் நிழல் இதில் படிந்திருப்பதை மறுத்தற்கில்லை.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

தடை மட்டும் சீட்டை வென்றதில்லை என்பது இவ்வரலாறு கூறும் முதற்பாடம். சீட்டில் எதை எழுதுகிறோமோ அது இளையோர் நெஞ்சில் ஏறும் என்பது இரண்டாம் பாடம். ஜப்பானியர் கவிதையை எழுதினர், கவிதை நின்றது. பூதத்தையும் மந்திரத்தையும் எழுதினர், அவையும் நின்றன. ஈரடியால் அமைந்த குறள் நம்மிடம் இருக்கிறது. முதலடியை ஒருவர் படிக்க, இரண்டாமடியை மாணவர் தட்டியெடுக்க, அட்டையும் மையும் போதுமே! அவற்றை எழுதும் பணி நம்முடையது.