நாசிக்குழிப் புற்றுநோயும் சத்திர சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள வயல்சார்ந்த ஊர்களைப் படுவான்கரை என்றும், கிழக்கே வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களை எழுவான்கரை என்றும் வழங்குதல் எம் பிரதேச மரபாகும். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, அத்துறையால் வந்த படுவான்கரை நோயாளர் தோணியிலோ, ‘பாதை’ என வழங்கும் மிதவையிலோ வாவியைக் கடந்தே பட்டணத்து வைத்தியசாலையை அடைந்தனர். இன்று நீரைக் கடத்தல் எளிதாகிவிட்டது. ஆயின், வைத்தியர் கூறும் நோய் யாது, செய்யப்போகும் சிகிச்சை யாது, அதன்பின் தம் நிலை யாது என்பவற்றை விளங்கிக்கொள்ளுதல் பலருக்கு இன்னும் எளிதாகவில்லை. சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடுபவர் தாம் எதற்குச் சம்மதித்தார் என்பதை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? கலைப்பீட மாணவன் ஒருவன் மருத்துவப் பொருளைக் கையிலெடுத்தற்குக் காரணம் இவ்வினாவே. நாசிக்குழிப் புற்றுநோய்க்கான சத்திர சிகிச்சையின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாசிக்குழியிலும் அதனைச் சூழ்ந்த எலும்பறைகளிலும் தோன்றும் புற்றுநோய் அரிதானது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களுள் இது நூற்றுக்கு ஐந்து வீதம் வரையிலேயே அமையும். வெற்றிலை, புகையிலை மெல்லும் வழக்கமுள்ள எம் நாட்டில் வாய்ப் புற்றுநோயே பெரிதும் காணப்படுகின்றது. அரிதாதலின் இந்நோய் எளிதில் இனங்காணப்படுவதில்லை. ஒரு பக்க மூக்கு நெடுநாள் அடைத்திருத்தல், அப்பக்கத்தால் இரத்தம் கசிதல் முதலிய தொடக்கக் குறிகளைச் சளி என்றோ பீனிசம் என்றோ கருதிக் காலம் போக்குவாருளர். மரத்தூளைச் சுவாசித்தல் இதன் காரணங்களுள் ஒன்றாகும். இங்கிலாந்தின் ஹைவிக்கம் பகுதித் தளபாடத் தொழிலாளரிடையே 1960களில் நடைபெற்ற ஆய்வுகள் இதனை வெளிப்படுத்தின. எனவே தச்சுப்பட்டறைகளில் உழைப்போர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இந்நோய்க்கான சத்திர சிகிச்சை இரு கூறுகளையுடையது. நோயுற்ற பகுதியை அகற்றுதல் ஒன்று. அகற்றியதால் நேர்ந்த குறையை நிரப்புதல் மற்றொன்று. இவற்றுள் இரண்டாவதே காலத்தால் முந்தியது என்பது வியப்புக்குரியது. மூக்கறுத்தல் பண்டை இந்தியாவில் தண்டனையாக வழங்கியது. அவ்வாறு மூக்கிழந்தோர்க்கு, இலையொன்றால் அளவு கண்டு, கன்னத்துத் தோலைப் பெயர்த்துப் புதுமூக்கு அமைத்து, சுவாசத்தின் பொருட்டு இரு குழல்களைச் செருகும் முறையைச் சுச்ருத சங்கிதை விவரிக்கின்றது. பிற்காலத்தில் நெற்றித் தோலைப் பயன்படுத்தும் முறையும் வழக்குக்கு வந்தது. மைசூர்ப் போரிலே திப்புவின் படையினரிடம் சிக்கி மூக்கிழந்த கவாஸ்ஜி என்னும் வண்டியோட்டிக்குப் புனா நகர்ப்புறத்தில் அம்முறையால் மூக்கமைக்கப்பட்ட செய்தி 1794ஆம் ஆண்டு இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அதனால் ஊக்கம் பெற்ற கார்ப்பியூ என்னும் சத்திர வைத்தியர் 1814இல் இலண்டனில் அதனைச் செய்து, 1816இல் நூலாகவும் வெளியிட்டார். நெற்றித் தோலால் மூக்கமைக்கும் அம்முறை திருத்தங்களுடன் இன்றும் கையாளப்படுகின்றது.

நோயை அகற்றும் முயற்சியோ மிகப் பிந்தியது. 1827இல் பிரான்சின் லியோன் நகரில் ஜென்சூல் என்பார் பதினேழு வயது இளைஞன் ஒருவனின் மேற்றாடை எலும்பைக் கட்டியோடு அகற்றினார். அக்காலத்தில் மயக்கமருந்து இல்லை. அவ்விளைஞன் நோவனைத்தையும் உணர்ந்தவாறே அதற்குட்பட்டான் என்பதை நினைக்குங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது. ஈதர் மயக்கம் பொஸ்டன் நகரில் உலகறியச் செய்து காட்டப்பட்டது 1846இலாகும். லிஸ்டர் கிருமிநீக்க முறையை வெளியிட்டது 1867இலாகும். இவ்விரண்டாலும் நோவும் சீழும் தணிந்த பின்னரே நுண்ணிய சத்திர சிகிச்சை இயல்வதாயிற்று. மூக்கின் பக்கவாட்டில் கீறி உட்குழியைத் திறக்கும் முறையைப் போர்டோ நகர மூர் 1902இல் விவரித்தார். மூளைக்குக் கீழுள்ள எலும்புவரை பரவிய நோயை முகத்தின் வழியும் மண்டையோட்டின் வழியும் ஒருங்கே அணுகி அகற்றும் முறையை அமெரிக்காவின் கெச்சமும் குழுவினரும் 1963இல் வெளியிட்டனர். 1980கள் முதல் பரவிய உள்நோக்குக் கருவியின் பயனாக, ஏற்ற நோயாளருக்கு முகத்தில் கீறலின்றி மூக்குத் துவாரங்களின் வழியாகவே கட்டியை அகற்றல் இன்று கூடுகின்றது.

இனி, இன்றைய நோயாளி எதிர்பார்க்கக் கூடியவற்றை நோக்குவாம். முதலில் உள்நோக்குக் கருவியால் மூக்கு சோதிக்கப்படும்; சிறு தசைத் துண்டு எடுத்து ஆராயப்படும்; நோயின் பரப்பை அறியக் கணினி வழிக் கதிர்ப்படமும் காந்த அதிர்வுப் படமும் எடுக்கப்படும். சத்திர சிகிச்சை முழு மயக்கத்தில் நிகழும். அதன்பின் மூக்கினுள் பஞ்சு அல்லது துணித்திரி அடைக்கப்பட்டிருப்பின் சில நாட்கள் வாயாற் சுவாசிக்க நேரும். முகவீக்கமும் பொருக்கும் மெல்ல நீங்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் நெடுநாள் வழக்கமாகலாம். மணமறியும் ஆற்றல் குன்றலாம், சிலருக்கு முற்றாக நீங்கலாம். அண்ணம் அகற்றப்பட்டால் உணவும் பேச்சும் மூக்கின் வழி சிதறும். அதனைத் தடுக்கப் பல்வைத்தியர் அடைப்புத் தகடு ஒன்றை அமைப்பார். கண்குழியினுள் நோய் ஆழப் பரவியிருப்பின் கண்ணையே இழக்க நேரலாம். மண்டையோட்டின் அடிப்பகுதியில் சிகிச்சை செய்யப்பட்டவருக்கு மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடியுமாயின் அதனை உடனே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். அது மூளையைச் சூழ்ந்த நீராக இருக்கக் கூடும். காயம் ஆறியபின் பலருக்குச் சுமார் ஆறு வாரக் கதிர்ச் சிகிச்சையும், அதற்குப்பின் பல்லாண்டுக் கண்காணிப்பும் தொடரும். நோய் தொடக்கத்திலேயே கண்டறியப்படின் இவற்றுட் பலவற்றைத் தவிர்க்கலாம்.

இவ்வளவையும் தமிழில் விளக்கல் இயலுமா என ஐயுறுவார்க்கு வரலாறு விடையிறுக்கின்றது. லிஸ்டர் தம் முறையை வெளியிட்ட அதே 1867ஆம் ஆண்டிலேயே, ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திர சிகிச்சை நூல் ஈழத்தில் தமிழில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அவர், 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலையும் வெளியிட்டார். கலைச்சொற்களை ஆக்கும் பணி அவரோடு நின்றுவிடவில்லை. மட்டக்களப்புத் தமிழகத்துக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1936இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியமை எம் பிரதேசத்தார் பெருமிதத்தோடு நினைக்கற்பாலது. ஆகவே சொல் இல்லை என்பது தக்க காரணமாகாது. உள்ள சொற்களைப் படுக்கையருகே கொண்டு செல்வார் போதாமையே குறையெனலாம்.

சத்திர சிகிச்சையின் வரலாறு நோயாளியின் துன்பம் படிப்படியாகக் குறைந்த வரலாறாகும். ஈதர் நோவைக் குறைத்தது. கிருமிநீக்கம் சீழைக் குறைத்தது. உள்நோக்குக் கருவி முகத்தழும்பைக் குறைத்தது. அறியாமையால் வரும் அச்சத்தைக் குறைக்கும் மருந்து சொல்லேயாகும். விழித்தெழுந்ததும் மூச்சு அடைத்திருக்கும் என முன்னரே அறிந்தவர், அந்நேரம் இறந்துவிடுவேனோ என அஞ்சார். மணம் திரும்பாது போகலாம் என முன்னரே கேட்டவர், தம்மை ஏமாற்றியதாக வைத்தியரை நோவார். கதிர்ச் சிகிச்சை எத்தனை வாரம் என அறிந்த குடும்பம், வேளாண்மை வேலையையும் பிள்ளைகளின் பராமரிப்பையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்துகொள்ளும். சிகிச்சையை இடைநடுவில் கைவிடாது.

மருத்துவபீட மாணவர் அறிவை வழங்க, கலைப்பீட மாணவர் அதனைப் படுவான்கரைத் தாயொருவர் கேட்டு விளங்கும் தமிழில் எழுதித் தருதல் இயலாத செயலன்று. நோய்க்கொரு சிறு பிரசுரம் என்ற அளவிலேனும் எம் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பணியைத் தொடங்குமாயின், 1867இல் இடப்பட்ட வித்து எம் காலத்தும் பயன் தருவதாகும்.